பழைய வாட்ச் சக்கரமும் பித்தளைத் தகடும்: ஸ்டீம்பங்க் நகை செய்யத் தொடங்குபவருக்கு

ஒரு கல்லூரி மாணவி கேட்டிருக்கிறார்: பழைய கைக்கடிகாரத்தின் பல்சக்கரங்களைப் பித்தளைத் தகட்டில் பசை வைத்து ஒட்டி ஒரு டாலர் செய்தேன். இரண்டே மாதத்தில் சக்கரங்கள் உதிர்ந்துவிட்டன. கழுத்தில் பச்சைக் கறை படிகிறது. தகடோ நேற்று வாங்கிய குத்துவிளக்கு மாதிரி மின்னுகிறது, படங்களில் பார்க்கிற அந்தப் பழமை வரவே இல்லை. நீராவிக் கால இயந்திரம் போலத் தோன்றும் இந்த ஸ்டீம்பங்க் நகையை ஒழுங்காகச் செய்ய எங்கே தொடங்குவது, என்ன வாங்குவது?

நான் பதினோரு வருடமாக இதைச் செய்கிறேன். முதல் இரண்டு வருடம் நானும் பசைக்காரன்தான். நண்பர் ஒருவரின் மனைவி நான் செய்த டாலரை ஒரு கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போனார். பந்தியில் குனிந்தபோது ஒரு சக்கரம் கழன்று பாயசத்தில் விழுந்தது. அன்றோடு பசைக்குழாயை மூடி வைத்தேன்.

பசை ஏன் நிற்கவில்லை என்றால், வாட்ச் பாகத்தில் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலம் இருக்கிறது, மெருகேற்றிய உலோகத்தில் பிடிமானம் கிடையாது, அதற்கு மேல் நம் ஊர் வேர்வை. இந்த மூன்றையும் சமாளித்து ஒட்டினாலும் எனக்கு அது பிடிப்பதில்லை, அதற்குக் காரணம் வேறு.

ஸ்டீம்பங்க் என்ற பெயர் பாதிக் கிண்டலாகப் பிறந்தது. 1987இல் கே. டபிள்யூ. ஜீட்டர் என்ற அமெரிக்க எழுத்தாளர், தானும் நண்பர்களும் எழுதிவந்த விக்டோரியா காலக் கற்பனைக் கதைகளுக்கு ஒரு பெயர் வேண்டும் என்று லோகஸ் என்ற அறிவியல் புனைகதை இதழுக்குக் கடிதம் எழுதினார். கணினி உலகக் கதைகளுக்கு அப்போது பிரபலமாக இருந்த சைபர்பங்க் என்ற சொல்லைத் திருப்பிப் போட்டுச் செய்த பெயர் இது. கதையிலிருந்து உடைக்கும் நகைக்கும் அது பிற்பாடு வந்தது. ஆனால் அடிப்படை அந்த நீராவிக் காலம்தான். அந்தக் கால இயந்திரத்தைக் கவனித்துப் பாருங்கள், எது எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பது வெளியே தெரியும். 1889இல் எழுந்த ஈஃபில் கோபுரம் ஏறத்தாழ 25 லட்சம் ரிவெட்டுகளால், அதாவது இரண்டு முனையும் தட்டி விரித்த ஆணிகளால் நிற்கிறது. ஸ்டீம்பங்க் நகையின் அழகு சக்கரத்தில் இருப்பதாக எல்லோரும் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால் பாதி அழகு அந்தச் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஆணித்தலையில் இருக்கிறது. ஒட்டிய சக்கரம் ஸ்டிக்கர் மாதிரிதான் இருக்கும்.

சரி, பாகங்களுக்கு வருவோம். ஆன்லைனில் பாக்கெட்டாக விற்கும் 'ஸ்டீம்பங்க் கியர்' வேண்டாம். பெரும்பாலும் அவை துத்தநாகக் கலவை வார்ப்பு, மேலே பழுப்பு முலாம். ஒன்றின் பல் இன்னொன்றின் பல்லோடு சேராது. அதற்குப் பதில் காயலான் கடைக்குப் போங்கள். பித்தளை பம்ப் ஸ்டவ்வின் பர்னர், பெட்ரோமாக்ஸ் விளக்கின் நிப்பிள், தையல் மெஷின் பாபின், திண்டுக்கல் பூட்டின் சாவி எல்லாமே நமக்குச் சரக்குதான். சென்னையில் இருந்தால் புதுப்பேட்டையில் பழைய கார்புரேட்டர் கேளுங்கள். அதற்குள் இருக்கும் ஜெட் நகத்தளவுப் பித்தளைத் திருகு, நடுவே ஊசித்துளை, தலையில் ஒரு எண் பொறித்திருக்கும். எந்த டிசைனரும் அதைவிட அழகாகச் செய்ய முடியாது. 2020இல் பிஎஸ்-6 என்ற வாகனப் புகை விதி வந்தபின் புதிய பைக்குகள் பெரும்பாலும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டதால் கார்புரேட்டர் இனி பழைய சாமான்தான்.

கடைக்குப் போகும்போது பையில் ஒரு காந்தமும் ஒரு சின்ன அரமும் இருக்கட்டும். காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே முலாம். ஒட்டாவிட்டால் மறைவான ஓரத்தில் ஒரு இழுப்பு அரம் போடுங்கள். உள்ளேயும் மஞ்சளாக இருந்தால் பித்தளை. சாம்பல் நிறமாக இருந்தால் துத்தநாக வார்ப்பு. அதைத் தப்பித் தவறிக்கூட தீயில் காட்டாதீர்கள். 400 டிகிரி செல்சியஸ் வருவதற்குள்ளேயே உருகி, பக்கத்தில் இருக்கும் நல்ல பித்தளையையும் அரித்துவிடும். பழைய ராணுவ, விமான உதிரிபாகங்களில் லேசான தங்க மஞ்சள் பூச்சோடு வரும் போல்ட், நட்டுகள் காட்மியம் பூசியவையாக இருக்கலாம். காட்மியம் நஞ்சு. அரம் போடவும் கூடாது, சூடாக்கவும் கூடாது, வாங்காமல் விட்டுவிடுவது உத்தமம்.

வாட்ச் பாகங்களுக்கு நல்ல இடம் தெருமுனை வாட்ச் ரிப்பேர் கடை. வயதான மெக்கானிக் யாராவது இருந்தால் அவரிடம் செத்த இயந்திரங்கள் ஒரு பிஸ்கட் டின் நிறையக் கிடக்கும். எடைக்குக் கொடுப்பார், ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் கதையும் சொல்வார். நம் பக்கம் அதிகம் கிடைப்பது எச்.எம்.டி. ஜப்பானின் சிட்டிஸன் நிறுவனத்தோடு சேர்ந்து 1961இல் பெங்களூரில் தொடங்கிய உற்பத்தி அது. 2016இல் அந்த வாட்ச் நிறுவனத்தை மூட அரசு முடிவெடுத்தது. ஜனதா மாதிரியின் உள்ளே இருக்கும் இயந்திரம் ஏறத்தாழ ஒரு அங்குல வட்டம், டாலருக்கு அளவெடுத்தது போல. ஆனால் ஒன்று: ஓடுகிற வாட்சைக் கொல்லாதீர்கள். சாவி கொடுத்துப் பாருங்கள். ஓடினால், அல்லது மெக்கானிக் 'ஓட வைக்கலாம்' என்றால், அது வாட்சாகவே இருக்கட்டும். தட்டச்சு மெஷினுக்கும் இதே நியாயம். தமிழ் விசைப்பலகையிலிருந்து பிடுங்கிய 'ழ' விசையில் மோதிரம் செய்தால் எவ்வளவு அழகாக இருக்கும் என்று எனக்கும் தெரியும். அந்த மெஷினில் இன்னும் நாலு பிள்ளைகள் பரீட்சைக்குப் படிக்கலாம் என்பதும் தெரியும்.

'17 ஜுவல்ஸ்' என்று எழுதியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அந்தச் சிவப்புப் புள்ளிகள் செயற்கை மாணிக்கக் கல், உராய்வைக் குறைக்கப் போட்டது. விற்றால் ஒன்றும் தேறாது, டாலரில் வெளிச்சம் பட்டால் மட்டும் நன்றாக மின்னும்.

பிரிக்கும் முன் இரண்டு எச்சரிக்கை. வாட்சுக்குள் சுருட்டி வைத்த மெயின் ஸ்பிரிங் இருக்கிறது. முறுக்கு ஏறியிருக்கும் நிலையில், சக்கரங்களை மேலிருந்து பிடித்திருக்கும் பாலம் என்ற தகட்டைக் கழற்றினால் சக்கரம் கிழியும், சில சமயம் விரலும். முதலில் சாவியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, கிளிக் என்ற குட்டித் தடுப்பை ஊசியால் தள்ளி, முறுக்கை மெல்ல இறக்கிவிடுங்கள். மேசைக் கடிகாரத்தின் ஸ்பிரிங் இன்னும் முரடு, அதைக் கண்ணாடி போடாமல் தொட வேண்டாம். இரண்டாவது, 1970களுக்கு முந்திய வாட்சில் இருட்டில் ஒளிரும் முள்ளோ எண்ணோ இருந்தால் அது ரேடியம் பூச்சாக இருக்கலாம். இப்போது ஒளிரவில்லையே என்று தைரியம் கொள்ளக் கூடாது. ஒளிரும் துத்தநாக சல்ஃபைடுதான் செத்துப்போனது. ரேடியத்தின் அரை ஆயுள் 1600 ஆண்டு, அது அப்படியே இருக்கிறது. சுரண்டினால் தூள் மூச்சில் போகும். அந்த முகப்பையும் முள்ளையும் நகைக்கு எடுக்காதீர்கள்.

இனி தகடு. இதில் ஆரம்பத்தில் நான் நிறையப் பணம் விட்டேன். அமெரிக்க வீடியோக்களில் தகட்டின் தடிமனை '22 கேஜ்' என்பார்கள், அது 0.64 மி.மீ. நம் ஊர்க் கடையில் 22 கேஜ் கேட்டால் பிரிட்டிஷ் கணக்கில் 0.71 மி.மீ. கொடுப்பார்கள். 18 கேஜுக்குப் போனால் வித்தியாசம் இன்னும் கூடும். அதனால் மில்லிமீட்டரில் கேளுங்கள். டாலரின் அடித்தகட்டுக்கு 0.9, மேலடுக்குக்கு 0.7, காதணிக்கு 0.5 போதும். தண்ணீர்க் குழாய் உதிரிபாகங்கள் போன்ற கடைசல் பித்தளையில் சுலபமாகச் சீவுவதற்காக 3 சதவீதம் வரை ஈயம் கலந்திருக்கும். பெரியவர்கள் சட்டைக்கு மேல் போடும் நகைக்குப் பரவாயில்லை, குழந்தைகள் வாயில் வைக்கக்கூடிய எதற்கும் வேண்டாம்.

அறுப்பதற்குப் பத்தர்கள் பயன்படுத்தும் மெல்லிய ரம்பம்தான். தகட்டின் தடிமனுக்குள் எப்போதும் குறைந்தது இரண்டு மூன்று பல்லாவது இருக்க வேண்டும் என்பது கணக்கு. 0.7 மி.மீ. தகட்டுக்கு 2/0 பிளேடு சரியாக இருக்கும். முதல் நாள் ஒரு டஜன் பிளேடு உடையும், மனம் தளர வேண்டாம். பிளேடில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துக்கொண்டு, ரம்பத்தை அழுத்தாமல் அதன் எடையிலேயே ஓட விடுங்கள். அறுத்த ஓரத்தை அரத்தாலும் உப்புத்தாளாலும் மழுக்குவது பற்றி நான் சொல்லவே வேண்டாம், கழுத்தில் ஒரு தடவை கீறினால் தானாகப் புரியும்.

இப்போது ரிவெட். இதுதான் உங்கள் கேள்விக்கு உண்மையான பதில் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

1.2 மி.மீ. பித்தளைக் கம்பியும் அதே 1.2 மி.மீ. ட்ரில் பிட்டும் வாங்குங்கள். கம்பி துளைக்குள் இறுக்கமாகப் போக வேண்டும். தளர்வாக இருந்தால் அடிக்கும்போது கம்பி உள்ளுக்குள்ளேயே வளைந்து கொடுக்கும், தலை விரியாது. கம்பியைத் தீயில் மங்கிய சிவப்பு வரும்வரை காட்டி, சிவப்பு மறைந்தபின் தண்ணீரில் போடுங்கள். சிவந்த பித்தளையை அப்படியே தண்ணீரில் போட்டால் விரிசல் விடக்கூடும். இப்படி இளக்கிய கம்பி சொன்னபடி கேட்கும். தகடுகளை அடுக்கி, கம்பியைச் செருகி, இரண்டு பக்கமும் கம்பியின் தடிமனில் பாதி மட்டும் நீட்டிக்கொண்டிருக்குமாறு வெட்டுங்கள். 0.6 மி.மீ. என்பதைக் கண்ணால் எப்படி அளப்பது? இரண்டு விசிட்டிங் கார்டுகளில் துளை போட்டுக் கம்பியில் மாட்டி, அந்த மட்டத்துக்கு அரத்தால் சமன் செய்யுங்கள். அதிகம் நீட்டினால் தலை ஒரு பக்கம் சாயும், குறைந்தால் தலையே வராது.

அடுத்து இரும்புக் கட்டை மேல் வைத்து, சின்ன உருண்டைத் தலைச் சுத்தியலால் நடுவிலிருந்து ஓரத்துக்கு மெல்லத் தட்டுங்கள். ஐந்தாறு தட்டு, திருப்பிப் போடு, மறுபடி ஐந்தாறு. ஒரே பக்கம் அடித்துத் தீர்த்துவிட்டுத் திருப்பினால் மறுபக்கக் கம்பி உள்ளே போயிருக்கும். புதிதாகச் செய்பவர்கள் எல்லோரும் இடிக்கிற மாதிரி அடிப்பார்கள். தேங்காய் உடைக்கவில்லை, ஓசை வந்தால் போதும்.

மூன்று ரிவெட் போட வேண்டுமென்றால் மேல் தகட்டில் மூன்று துளையும் போடுங்கள், கீழ்த் தகட்டில் ஒன்று மட்டும். முதல் ரிவெட்டை அடித்து முடித்தபின், மேல் துளை வழியாகவே கீழேயும் துளையுங்கள். இரண்டு தகட்டிலும் முன்கூட்டியே எல்லாத் துளையும் போட்டால் ஒன்று கூட நேராக வராது. சக்கரம் சுற்ற வேண்டுமா? ரிவெட் அடிக்கும் முன் தகட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரு காகிதத் துண்டை வைத்து அடியுங்கள். பிறகு தண்ணீரில் ஊறவைத்து உருவிவிட்டால் அந்த இடைவெளியில் சக்கரம் சுழலும். கையில் ஏதாவது உருட்டிக்கொண்டே இருக்கும் பழக்கமுள்ளவர்கள் இந்த டாலரை விடமாட்டார்கள்.

வாட்ச் சக்கரத்தின் நடுவே இருக்கும் பினியன் என்ற குட்டிப் பல்லச்சு கடினமான எஃகு, சாதாரண ட்ரில் அதில் வழுக்கும். துளையுள்ள ஒரு இரும்புத் துண்டின் மேல் சக்கரத்தை வைத்து, மெல்லிய பஞ்ச் கருவியால் பினியனைத் தட்டிக் கழற்றிவிடலாம். இல்லையென்றால் அடித்தகட்டில் துளை போட்டுப் பினியனோடு உட்கார வையுங்கள், நிமிர்ந்து நிற்கும். முழு இயந்திரத்தையும் பொருத்துவதாக இருந்தால் வேலையே இல்லை. எல்லாப் பாகங்களையும் தாங்கும் அதன் தாய்த்தகட்டில் திருகுத் துளைகள் ஏற்கெனவே இருக்கின்றன, திருகும் அதோடேயே வந்திருக்கிறது.

பற்றவைப்பு பற்றி ஒரு வார்த்தை. பொடி வைத்து ஊதுவது என்று பேச்சில் சொல்கிறோமே, அது பத்தர் பட்டறையிலிருந்து வந்த சொல். வெண்காரமும் வெள்ளிப் பொடியும் வைத்து டாலருக்கு ஒரு வளையம் பற்றவைக்கத் தெரிந்தால் நல்லதுதான். ஆனால் முதல் ஆறு மாதம் அது இல்லாமலே ஓட்டலாம். செய்தால் காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். பித்தளை உருகும் அளவுக்குச் சூடேறினால் அதிலுள்ள துத்தநாகம் வெள்ளைப் புகையாகப் போகும். அதைச் சுவாசித்தால் அன்று ராத்திரி குளிர்காய்ச்சல் வரும். பால் குடித்தால் சரியாகிவிடும் என்பது பட்டறை நம்பிக்கை, மருந்து அல்ல.

அப்புறம் பழமை. பித்தளையைக் கறுக்க வைக்கப் பலரும் சொல்லும் வழி அமோனியா. மூடிய டப்பாவில் அடியில் கொஞ்சம் அமோனியாக் கரைசல், அதைத் தொடாமல் மேலே நகையைத் தொங்கவிட்டால் சில மணி நேரத்தில் பழுப்பாகும். நகையை ஈரமாக்கி உப்புத் தூவியிருந்தால் நீலப்பச்சை பூக்கும். அழகுதான். நானும் ஒரு ஜோடி காதணியைச் சுத்தியலால் தட்டி வளைத்து, அப்படியே டப்பாவில் போட்டேன். ஒரு வாரத்தில் வளைவு ஓரமாக மயிரிழை விரிசல், தொட்டதும் பிஸ்கட் மாதிரி உடைந்தது.

காரணம் தேடியபோது கிடைத்தது நம் நாட்டுக் கதை. பிரிட்டிஷ் ராணுவம் இந்தியாவில் மழைக்காலத்தில் துப்பாக்கித் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்திருந்தது. மழை முடிந்து எடுத்துப் பார்த்தால் பித்தளைக் கூடுகள் விரிசல் விட்டிருந்தன. குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பிய அமோனியாவும் ஈரமும், தோட்டாக் கூட்டை இழுத்து உருவாக்கும்போது உலோகத்துக்குள் தங்கிவிட்ட இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை என்பது 1921இல்தான் தெளிவாக விளக்கப்பட்டது. ஆங்கிலத்தில் அதை 'சீஸன் கிராக்கிங்' என்கிறார்கள். ஆக, தட்டிய, வளைத்த பித்தளையை அமோனியாவில் காட்டும் முன் இறுக்கத்தைப் போக்க வேண்டும். ஏறத்தாழ 250 டிகிரியில் ஒரு மணி நேரம் ஓவனில் வைத்தாலே போதும். அமோனியா இருக்கும் இடத்தில் பிளீச்சிங் திரவம் எதுவும் வேண்டாம், இரண்டும் சேர்ந்தால் நச்சுப்புகை.

எனக்குப் பிடித்தது வேறு வழி. பித்தளைத் துண்டுகளைப் பலமுறை சுத்தம் செய்த, பச்சை நிறம் ஏறிய பழைய சிட்ரிக் அமிலக் கரைசல் இருக்கிறதல்லவா, அதில் நகையைப் போட்டு ஒரு இரும்புக் கம்பியால் தொடுங்கள். கரைசலில் இருக்கும் செம்பு நகை மேல் ரோஜா நிறத்தில் படியும். பத்தர்களுக்கு இது எரிச்சல், அதனால்தான் அமிலத்தில் இரும்புக் குறடு விடமாட்டார்கள். நமக்கோ வரம். கந்தகம் பித்தளையை லேசில் கறுக்காது, செம்பை உடனே கறுக்கும். அவித்த முட்டையை நசுக்கி, நகையோடு ஒரு மூடிய டப்பாவில் சில மணி நேரம் வைத்தால் பழுப்பிலிருந்து கறுப்பு வரை வேண்டிய நிறம் கிடைக்கும். பிறகு மேடான இடங்களை மட்டும் நைஸ் உப்புத்தாளால் தேய்த்தால் உள்ளிருந்து பித்தளை மஞ்சள் எட்டிப் பார்க்கும். நீங்கள் படத்தில் பார்த்த பழமை இதுதான். அதிகம் கறுத்துவிட்டால் வீட்டில் புளி இருக்கிறது. டப்பாவைச் சமையலறைக்குத் திருப்பிக் கொடுக்காதீர்கள், அம்மா மன்னிக்கமாட்டார்.

இந்த நிற வேலை எல்லாம் ரிவெட் அடிக்கும் முன்பே முடிய வேண்டும். எஃகுப் பாகங்களோடு அமிலத்தில் போட்டால் எஃகு துருப்பிடிக்கும். கறுத்த தகட்டின் மேல் கடைசியாக அடித்த ரிவெட் தலை மட்டும் பளிச்சென்று இருப்பது பார்க்கவும் நன்றாக இருக்கும்.

கழுத்தில் பச்சை படிவது களிம்பு. பித்தளையிலுள்ள செம்பு வேர்வையோடு சேர்ந்து உண்டாகும் உப்பு, பெரும்பாலும் சோப்பில் போய்விடும். டாலரின் பின்புறம் மெழுகோ தெளிவான லாக்கரோ பூசி, மாதம் ஒரு முறை புதுப்பியுங்கள். ஒரு துண்டுத் தோலை ரிவெட் செய்துவிட்டால் பிரச்சினையே இல்லை. கறையைவிடக் கவனிக்க வேண்டியது அரிப்பு. வாட்ச் பாகங்கள் பலவற்றில் நிக்கல் முலாம் உண்டு, நிக்கல் ஒவ்வாதவர்கள் நிறையப் பேர். தோலில் படும் பக்கம் நிக்கல் வேண்டாம். காதுத் துளைக்குள் போகும் கொக்கி வெள்ளியோ டைட்டேனியமோ ஆக இருக்கட்டும், பித்தளைக் கம்பியைக் காதில் மாட்டாதீர்கள். எடையும் பாருங்கள். ஒரு காதுக்கு 8 கிராமைத் தாண்டினால் நான் அந்த டிசைனைத் திருப்பி அறுக்கப் போட்டுவிடுவேன்.

வடிவமைப்பில் ஒரே ஒரு பிடிவாதம் எனக்கு உண்டு: ஒவ்வொரு பாகத்துக்கும் ஏதோ வேலை இருப்பது போலத் தெரிய வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி போகும் ரயிலில் கல்லாறு தாண்டியதும் எஞ்சினின் பல்சக்கரம் தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள பல்பட்டையைக் கவ்விக்கொண்டு மலை ஏறும். அதைப் பார்த்தவர்களுக்கு, பல்சக்கரம் என்றால் எதையாவது கவ்வ வேண்டும் என்பது தெரியும். ஏழு சக்கரத்தைச் சிதறவிட்ட டாலரைவிட, உண்மையிலேயே பல்லோடு பல் சேர்ந்த இரண்டு சக்கரம் நன்றாக இருக்கும். ஒரே வாட்சிலிருந்து அடுத்தடுத்த சக்கரங்களைப் பினியனோடு எடுத்தால், ஒன்றின் பல் அடுத்ததன் பினியனில் தானாகவே பொருந்தும். கலந்து எடுத்தால் பொருந்தாது.

முதலில் வாங்க வேண்டியவை: ரம்பமும் இரண்டு டஜன் பிளேடும், கையால் சுழற்றும் சின்ன ட்ரில், 1.2 மி.மீ. பிட் நாலைந்து, சென்டர் பஞ்ச், ஒரு அரம், உருண்டைத் தலைச் சுத்தியல், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. இரும்புக் கட்டைக்குக் காயலான் கடைத் தண்டவாளத் துண்டு போதும், அதன் தலையை வழவழப்பாகத் தேய்த்துக்கொள்ளுங்கள். டார்ச், லாக்கர், பாலிஷ் மெஷின் எதுவும் இப்போது வேண்டாம். ரிவெட் கம்பியை இளக்க அடுப்புத் தீயே போதும்.

உதிர்ந்த உங்கள் டாலரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பசையை அசிட்டோனில் ஊறவைத்துச் சுரண்டி, அதே தகட்டில் அதே சக்கரங்களை ரிவெட் அடித்துப் பாருங்கள். கழற்றிய பாகங்களை மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பாக்கெட்டோடு வையுங்கள். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் எஃகுப் பினியன் ஒரே ராத்திரியில் சிவந்துவிடும்.